கொடியும் வர்க்கமும்: ஓர்வெல்லின் தேசாபிமானக் கருத்துக்கள் பற்றிய ஒரு மறுநோக்கு

ஜோர்ஜ் ஓர்வெல் என்றதும் தமிழ் வாசகர் நினைவிற்கு வருவன பெரும்பாலும் ‘விலங்குப் பண்ணை’, ‘1984’ ஆகிய இரு நாவல்களுமேயாகும். சோவியத் அமைப்பின் மீதான கண்டனங்கள் என்ற அளவிலேயே அவை பலராலும் வாசிக்கப்பட்டமையால், ஒரு சாரார் அவரைத் தலைமேற் கொள்ளவும் மறுசாரார் வாசியாமலே ஒதுக்கவும் நேர்ந்தது. இரு சாராரும் கருத்திற் கொள்ளாத சிறு நூலொன்று உண்டு. 1941 பெப்ரவரியில், ஜெர்மானிய விமானங்கள் இலண்டன் மீது குண்டு பொழிந்துகொண்டிருந்த காலத்தில் வெளிவந்த ‘சிங்கமும் ஒற்றைக் கொம்புக் குதிரையும்’ என்பதே அந்நூல். பிரித்தானிய அரச இலச்சினையை இருபுறமும் தாங்கி நிற்கும் விலங்குகள் இவை. சோஷலிசத்தையும் தேசாபிமானத்தையும் ஒரே வண்டியிற் பூட்டிவிட வேண்டும் என்பது ஓர்வெல்லின் அவா.

அந்நூலின் வாதம் சிக்கலானதன்று. தேசாபிமானம் பழமைவாதிகளின் தனிச்சொத்து அல்ல. ஒரு நாட்டின் சாதாரண மக்கள் தாம் பிறந்த மண்மீதும் தமது வாழ்க்கை முறைமீதும் கொண்டுள்ள பற்று, வர்க்க உணர்வையும் விடப் பலமானது. இதனை உணராத இடதுசாரி இயக்கம் தோல்வியடைவது திண்ணம் என்பார் அவர். இங்கிலாந்தின் இடதுசாரிப் புத்திஜீவிகளே ஏனைய பெரிய நாடுகளின் அறிவாளர்களைப் போலன்றித் தம் தேசத்தையெண்ணி வெட்கமுறுகின்றனர் என்றும், அவர்தம் சமையற் குறிப்புக்கள் பாரிசிலிருந்தும் கருத்துக்கள் மொஸ்கோவிலிருந்தும் வருகின்றன என்றும் அவர் எள்ளி நகையாடினார். எண்பதாண்டுகளுக்கு மேலாகியும் இக்குற்றச்சாட்டு மங்கவில்லை. தொழிற் கட்சி தேர்தலிற் பின்னடையும் போதெல்லாம் இதனை எடுத்தாள்வது இங்கிலாந்தின் பத்திரிகை எழுத்தாளர்க்கு ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அவ்வாறு அது மிகவும் உரத்து ஒலித்த சந்தர்ப்பம் 2014 ஆம் ஆண்டிற் கிட்டியது.

அவ்வாண்டு நவம்பர் 20 ஆம் திகதி, இலண்டனுக்குக் கிழக்கேயுள்ள றொச்செஸ்ரர்-ஸ்ரூட் தொகுதியில் இடைத்தேர்தல் நடைபெற்றது. கன்சவேட்டிவ் கட்சியிலிருந்து ஐக்கிய இராச்சிய சுதந்திரக் கட்சிக்குத் தாவிய மார்க் ரெக்லெஸ், தமது ஆசனத்தைத் துறந்து மீண்டும் மக்கள் முன் வந்திருந்தார். தொழிற் கட்சிக்காகப் பிரசாரஞ் செய்யச் சென்றவர்களுள் ஒருவர் எமிலி தோர்ன்பெரி. இலண்டன் இஸ்லிங்ரன் பகுதியின் பாராளுமன்ற உறுப்பினரும் எதிர்க்கட்சியின் நிழல் சட்டமா அதிபருமாக விளங்கிய அவர், ஸ்ரூட்டில் ஒரு வீட்டைக் கண்டு படமெடுத்தார். வீட்டின் முகப்பில் மூன்று புனித ஜோர்ஜ் கொடிகள், வாசலில் ஒரு வெள்ளை வான். படத்தில் இருந்தவை இவ்வளவே. றொச்செஸ்ரரிலிருந்து ஒரு படம் என்ற பொருள்பட மிகச் சுருக்கமான குறிப்புடன் அதனை டுவிட்டரில் இட்டார். ஏளனச் சொல் ஒன்றேனும் அதிலில்லை. ஆயினும் அன்றிரவு, வாக்குகள் எண்ணி முடியுமுன்னரே, அவர் பதவி துறக்க வேண்டியதாயிற்று.

இலங்கை வாசகர்க்கு இவ்விடத்து ஒரு விளக்கம் அவசியம். வெள்ளை வான் என்ற தொடர் இந்நாட்டில் எழுப்பும் அச்சம் வேறு. காணாமற் போனோரின் தாய்மார் அச்சொல்லைக் கேட்டாலே நடுங்குவர். இங்கிலாந்தில் அது மேசன், தச்சர், மின்னிணைப்பாளர், குழாய் பொருத்துவோர் ஆகிய சுயதொழிலாளரின் வாகனம். கைத்தொழிலால் உழைத்துச் சொந்தக் காலில் நிற்பவர், வீதியில் முரட்டுத்தனமாக வாகனம் ஓட்டுபவர், ஜனரஞ்சகப் பத்திரிகை வாசிப்பவர், வெளிநாட்டார் வருகையை வெறுப்பவர் என்றவாறு, பாதி உண்மையும் பாதி கற்பனையுமான ஒரு மனிதமாதிரி ‘வெள்ளை வான்காரர்’ என்ற பெயரால் அந்நாட்டுப் பத்திரிகைகளில் உருவாக்கப்பட்டிருந்தது. எனவே கொடியும் வானும் ஒரு படத்திற் சேர்ந்தபோது, குறிப்பு எழுதாமலே குறிப்பு எழுதப்பட்டாயிற்று. படத்தைப் பார்த்த ஒவ்வொருவரும் தோர்ன்பெரி சொல்லாததைத் தாமே வாசித்துக் கொண்டனர்.

அவ்வாறு வாசித்தது தவறா? தவறென்று சொல்லிவிட முடியாது. கொடிகளால் மூடப்பட்ட இத்தகைய வீட்டைத் தாம் முன்னர் கண்டதில்லை என்பதே அவர் முதலில் அளித்த விளக்கம். இவ்விளக்கம் படத்தை விடவும் கூடுதலாக அவரைக் காட்டிக்கொடுத்தது. தொழிலாளரின் கட்சி என்று பெயர் பூண்ட கட்சியின் முன்வரிசைத் தலைவர் ஒருவருக்கு, இலண்டனிலிருந்து புகையிரதத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் அடையக்கூடிய ஊரொன்றின் சாதாரண வீடு, அயல்நாட்டிற் காணும் அபூர்வக் காட்சிபோலத் தோன்றியிருக்கின்றது. அதிலும் அவ்வூர் கட்சிக்குப் புதியதன்று. மெட்வே என்ற பெயரில் அப்பகுதி தனித்தொகுதியாக விளங்கிய காலத்தில், 1997 முதல் 2010 வரை அதனைத் தொழிற் கட்சியே வைத்திருந்தது. வெறுப்பிலும் பார்க்க வியப்பே சில வேளை கொடிய அவமதிப்பாகிவிடுகின்றது. வெறுப்பவர் எதிரிலிருப்பவரை அறிந்திருக்கின்றார் அல்லது அறிந்ததாக எண்ணுகின்றார்; வியப்பவருக்கோ அந்த அறிமுகமும் இல்லை.

ஓர்வெல் இவ்விடத்தில் உதவிக்கு வருகின்றார். ஆயின் 1941 ஆம் ஆண்டு நூலைவிட 1937 இல் வெளியான ‘விகன் துறைக்கான பாதை’ என்ற நூலே பொருத்தமாக உதவுகின்றது. அதன் இரண்டாம் பாகத்தில் தமது வர்க்கத்தைத் தாமே பிரேத பரிசோதனை செய்கின்றார். நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள் சிறு வயதிலேயே கீழ்வர்க்கத்தார் நாற்றமுடையோர் என்று போதிக்கப்படுகின்றனர் என்றும், பிற்காலத்திற் சோஷலிசவாதியாகி அறிவால் எத்தனை சமத்துவம் பேசினும் மூக்கு அப்பழைய பாடத்தை மறப்பதில்லை என்றும் கூசாது எழுதினார். அந்நூலை வெளியிட்ட விக்ரர் கொலன்ஸ், தமது இடதுசாரி நூற்கழகத்தின் வாசகர் மனம் நோகுமோ என அஞ்சி, மாறுபட்ட கருத்துடைய முன்னுரையொன்றைத் தாமே எழுதிச் சேர்த்தமை இலக்கிய வரலாறு. வர்க்கத் தப்பெண்ணம் கொள்கையில் வாழ்வதன்று. புலன்களில் வாழ்வது என்பதை ஓர்வெல் போன்று தன்மேலே வைத்து நிரூபித்தவர் சிலரே. தோர்ன்பெரியின் படக்கருவி அந்த மூக்கின் வேலையையே செய்தது எனலாம்.

ஆனால் இவ்வளவோடு நிறுத்தி, இடதுசாரிப் புத்திஜீவியின் அகந்தை வெளிப்பட்டது, ஓர்வெல்லின் தீர்க்கதரிசனம் பலித்தது என்று கூறி முடித்தால், அது நிகழ்ச்சியின் பாதியை மறைப்பதாகும். அன்று எழுந்த கண்டனக் குரல்கள் எவ்வெவ்விடங்களிலிருந்து எழுந்தன என்பதையும் நோக்க வேண்டும். உழைக்கும் தேசாபிமானிகளைத் தொழிற் கட்சி இளக்காரஞ் செய்கின்றது என்று முழங்கியவர் பிரதமர் டேவிட் கமரன். அவர் ஈற்றன் கல்லூரியின் மாணவர். சாதாரண மனிதனின் கட்சி என்று தம்மைக் கூறிக்கொண்ட சுதந்திரக் கட்சியின் தலைவர் நைஜல் பராஜ், டல்விச் கல்லூரியிற் பயின்று இலண்டன் நகரின் உலோகச் சந்தையில் தரகராயிருந்தவர். வெற்றிபெற்ற ரெக்லெஸ் மார்ல்பறோ கல்லூரியினதும் ஒக்ஸ்போட்டினதும் பயன். இவை மூன்றும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கான தனியார் பாடசாலைகள். மறுபுறம், குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட தோர்ன்பெரியோ, நகரசபை கட்டிய வாடகைக் குடியிருப்பில் வளர்ந்து, பதினொரு வயதுப் பரீட்சையிலே தவறி, பின்னர் பாரிஸ்டரானவர். பிறப்பு அவரது பார்வையை நியாயப்படுத்தாது என்பது உண்மையே. வர்க்கம் என்பது பிறந்த வீடன்று, குடிபுகுந்த வீடு என்பதற்கு அவரே சான்று. ஆயினும், ஈற்றன் கொடிக்குப் பரிந்து பேச, நகரசபைக் குடியிருப்பு தலை குனிந்து நின்ற காட்சி சாதாரணமானதன்று.

இதனோடு ஒட்டிய மற்றொரு செய்தியை அக்காலப் பத்திரிகைகள் தனிச் செய்தியாகவே வெளியிட்டன. இடைத்தேர்தலுக்குச் சரியாக ஒரு வாரத்தின் பின், நவம்பர் 27 ஆம் திகதி, இலண்டன் உயர் நீதிமன்றில் ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டது. 2012 இல் பிரதமரின் வாசஸ்தலப் படலையருகே, துவிச்சக்கர வண்டியுடன் பிரதான வாயிலாற் செல்லவிடாத பொலிசாரை நோக்கி, ‘கீழ்க்குலத்தார்’ என்ற பொருளுடைய ஒரு பழைய உரோமச் சொல்லைக் கன்சவேட்டிவ் பிரதம கொறடா அன்ட்ரூ மிச்செல் உபயோகித்தாரா என்பதே வழக்கு. அச்சொல்லையோ அதற்கு ஒப்பானதையோ அவர் கூறினார் என நீதிபதி தீர்மானித்தார். ஆக, ஒருவர் சொல்லாலும் மற்றவர் சொல்லாமலும் ஒரே குற்றத்தைப் புரிந்திருந்தனர். சம்பவம் நிகழ்ந்து ஒரு மாதங் கழித்தே மிச்செல் பதவி துறந்தார். தோர்ன்பெரிக்கோ சில மணித்தியாலங்கள் போதுமாயிருந்தன. செல்வரின் கட்சியிடம் மரியாதையை எவரும் எதிர்பார்ப்பதில்லை. தொழிலாளரின் கட்சியிடம் எதிர்பார்க்கின்றனர். தண்டனையின் விரைவில் தெரிந்த வேற்றுமைக்கு இந்த எதிர்பார்ப்பும் ஒரு காரணமாகலாம். அவ்வகையில் அக்கண்டனத்தில் ஒரு நீதியும் இருந்தது.

மறுநாட் காலையில், தொழிற் கட்சித் தலைவர் எட் மிலிபான்ட் நிருபர்களைச் சந்தித்தார். வெள்ளை வானைக் கண்டால் உள்ளத்தில் என்ன தோன்றும் என்று வினவப்பட்டபோது, மரியாதை தோன்றும் என விடையிறுத்தார். இவ்விடையைக் கேட்டுப் பலர் நகைத்தனர். நகைப்புக்கு அப்பால் இதனை ஊன்றி நோக்கினால், தோர்ன்பெரியின் படமும் மிலிபான்டின் மரியாதையும் ஒரு நாணயத்தின் இரு புறங்களே என்பது புலனாகும். வானைக் கண்டவுடன் ஏதேனும் தோன்றித்தான் ஆகவேண்டும் என்ற எண்ணம் இருவருக்கும் பொதுவானது. ஒருவருக்கு வியப்பு, மற்றவருக்கு மரியாதை. ஒரு குழாய் பொருத்துநர் இன்னொரு குழாய் பொருத்துநரின் வானைக் காணுகையில் மரியாதையில் மூழ்குவதில்லை. வான் நிற்கின்றது, அவ்வளவே. அறியாதவரையே தூரத்தில் நின்று மரியாதை செய்ய வேண்டியிருக்கின்றது. இழிவுபடுத்தலும் வழிபடலும் ஆகிய இரண்டும் மனிதரை மாதிரியுருவாக்குவதில் ஒன்றுபடுகின்றன.

அந்த வீட்டில் வாழ்ந்தவர் என்ன கூறினார் என்பது இவ்வளவு ஆரவாரத்தில் சிறு துணுக்காகவே வெளிவந்தது. கொடிகள் அவ்வாண்டு நடைபெற்ற உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்காகத் தொங்கவிடப்பட்டவை. பிரேசிலில் நடந்த அப்போட்டியில் இங்கிலாந்து அணி ஒரு ஆட்டத்திலேனும் வெல்லாது முதற் சுற்றிலேயே வெளியேறிற்று. கொடிகள் மாத்திரம் இறக்கப்படவில்லை. இரண்டொரு நாட்களில் ஜனரஞ்சக நாளிதழொன்று அவரை இஸ்லிங்ரனிலுள்ள தோர்ன்பெரியின் வீட்டு வாசல் வரை அழைத்துச் சென்று படமெடுத்து, அவருடைய கருத்துக்களை ஓர் அரசியற் கட்சியின் கொள்கைப் பிரகடனம் போல முதற்பக்கத்திற் பிரசுரித்தது. அவ்வகையில், முதலில் ஓர் அரசியல்வாதி அவரைப் படமாக்கினார். பின்னர் ஒரு பத்திரிகை அவரைப் பிரகடனமாக்கிற்று. தாம் அறியாமலே தேசாபிமானத்தின் உருவமாகவும் பிற்போக்கின் உருவமாகவும் ஒரே வேளையில் உயர்த்தப்பட்ட மனிதர் அவர்.

இனி, அன்று பலரும் துணைக்கழைத்த ஓர்வெல்லின் நூலுக்கு மீள்வது தகும். புத்திஜீவிகள் கொடியைக் கண்டு முகஞ்சுளிக்கின்றனர் என்று அவர் கூறினார் என்பது மெய். ஆனால் அதே நூலில் அவர் கூறிய மற்றொன்றை அன்று அவரை மேற்கோள் காட்டியோர் பெரும்பாலும் கைவிட்டனர். ஆங்கிலேயச் சாதாரண மக்களின் தேசாபிமானம் வாய்விட்டுப் பேசாதது, தன்னையே அறியாதது. கொடி அசைத்து ஆரவாரஞ் செய்வோர் ஒரு சிறு தொகையினரே என்பது அவர் கருத்து. அவருடைய இங்கிலாந்தின் தொழிலாளி பூஞ்செடி வளர்ப்பான், புறா வளர்ப்பான், உதைபந்தாட்டச் சீட்டு நிரப்புவான். வீட்டு முகப்பில் மூன்று கொடிகளைத் தொங்கவிடமாட்டான். அதாவது ஸ்ரூட்டின் அந்த வீடு ஓர்வெல்லையும் வியப்பிலாழ்த்தியிருக்கும். தோர்ன்பெரிக்கு எதிரான சாட்சியாக அழைக்கப்பட்டவர், குறுக்கு விசாரணையில் அவர் பக்கமே சாய்ந்துவிடுகின்றார்.

இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதற்குக் கொடியின் வரலாறே விடை தரும். வெண்ணிலத்திற் செஞ்சிலுவை தீட்டப்பட்ட புனித ஜோர்ஜ் கொடி இங்கிலாந்துக்கு மட்டும் உரியது. 1606 இல் ஸ்கொட்லாந்தின் சிலுவையோடும் 1801 இல் அயர்லாந்தின் சிலுவையோடும் இணைக்கப்பட்டு, யூனியன் கொடியாகி, உலகின் காற்பகுதியை ஆண்டபோது அச்செஞ்சிலுவையைத் தனியாக எவரும் பெரிதும் நினைத்தாரில்லை. 1966 இல் வெம்பிளியில் இங்கிலாந்து உலகக் கிண்ணத்தை வென்றபோது அரங்கில் அசைந்தவை பெரும்பாலும் யூனியன் கொடிகளே. அப்போட்டியின் சின்னமான சிங்கமும் யூனியன் கொடிச் சட்டையையே அணிந்திருந்தது. சாம்ராச்சியம் கரைந்தது. 1970 களில் இனவாதக் கட்சியான தேசிய முன்னணி யூனியன் கொடியை ஏந்தி ஊர்வலம் வந்தது. 1990 களின் இறுதியில் ஸ்கொட்லாந்தும் வேல்சும் தத்தமக்கென மன்றங்களைப் பெற்றன. இங்கிலாந்துக்கு மட்டும் ஒன்றும் வாய்க்கவில்லை. 1996 ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் அரங்குகள் செஞ்சிலுவைகளால் நிறைந்தன. அன்றிலிருந்து அது உதைபந்தாட்டத்தின் கொடி, மதுச்சாலையின் கொடி, நகரசபைக் குடியிருப்பின் கொடி. அரச மாளிகைகளில் யூனியன் கொடி பறக்க, செஞ்சிலுவை சாளரங்களில் தொங்கிற்று. ஒரே நாட்டில் இரு கொடிகளிடையே வர்க்கப் பிரிவு ஒன்று இவ்வாறு உண்டாயிற்று. ஓர்வெல் காணாத இவ்வளர்ச்சியை விளங்கிக் கொள்ளாது அவருடைய வாக்கியங்களை 2014 இல் அப்படியே பொருத்துவது விமரிசனமாகாது.

ஓர்வெல்லின் வாதத்திலுள்ள பெருங் குறை வேறொன்று. கொடியைக் கண்டு ஒதுங்குவோர் அனைவரையும் வெட்கமுறும் புத்திஜீவிகள் என்ற ஒரே பெட்டியில் அவர் அடைத்துவிடுகின்றார். கொடியின்பாற் கூச்சம் இரு திசைகளிலிருந்து வரக்கூடும். மேலிருந்து கீழ்நோக்கும் கூச்சம் ஒன்று. அது வர்க்கத் தப்பெண்ணம், தோர்ன்பெரி சார்ந்தது. பக்கத்து வீட்டிலிருந்து நோக்கும் அச்சம் மற்றையது. 2009 இல் தோன்றிய ‘ஆங்கிலேயப் பாதுகாப்பு லீக்’ அதே செஞ்சிலுவையை உயர்த்திப் பிடித்து முஸ்லிம் குடியிருப்புக்களினூடாக அணிவகுத்தபோது, சாளரத் திரையை இழுத்து மூடிய பங்களாதேஷ் நாட்டுத் தாயிடம் இஸ்லிங்ரனின் அகந்தை இருந்ததாக எவரும் கூறார். அவரும் தொழிலாள வர்க்கத்தவரே; அவர் கணவரும் வான் ஓட்டுபவராக இருக்கலாம். இலங்கையில் இவ்வேறுபாட்டை விளக்க நூல்கள் தேவையில்லை. 1951 இல் இந்நாட்டுக் கொடியில் சிறுபான்மையோர்க்கான நிறப்பட்டிகள் சிங்கத்தின் சட்டகத்துக்கு வெளியே வைக்கப்பட்டபோது, கொடிக் குழுவிலிருந்த செனட்டர் எஸ். நடேசன் உடன்படாமைக்குக் காரணம் உயர்குடி மனப்பான்மை அன்று.

தொழிலாள வர்க்கம் என்ற சொல்லை வெள்ளையரோடு மட்டும் பிணைத்து வைப்பதிலேயே இக்குழப்பம் வேர் கொண்டுள்ளது. 1968 ஏப்ரலில், குடிவரவோரை எதிர்த்து இனோக் பவல் ஆற்றிய உரைக்கு ஆதரவாக இலண்டன் துறைமுகத் தொழிலாளர் பாராளுமன்றம் நோக்கி ஊர்வலஞ் சென்றனர். பத்தாண்டுகள் செல்லுமுன், 1976 இல், வடமேற்கு இலண்டனின் கிரன்விக் படத்தொழிற்சாலையில் ஜெயாபென் தேசாய் தலைமையில் ஆசியப் பெண்கள் வேலை நிறுத்தஞ் செய்தனர். 1977 இல் யோர்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளர் பஸ் வண்டிகளில் வந்து அவர்களோடு மறியலில் நின்றனர். வேலை நிறுத்தம் தோல்வியில் முடிந்தது என்பது வேறு விடயம். எந்த ஊர்வலம் உண்மையான தொழிலாள வர்க்கம்? இரண்டுமே. வர்க்கத்துக்கு ஒரே முகமும் ஒரே கொடியும் உண்டெனக் கொள்வோர் முதலாவதைக் காட்டியே அதனைப் பழிக்கவோ புகழவோ செய்கின்றனர். இரண்டாவது அவர்தம் கண்ணுக்குத் தென்படுவதில்லை.

ஓர்வெல்லுக்கே இது தெரிந்திருந்தது என்பதுதான் விசித்திரம். 1939 இல் எழுதிய ஒரு மதிப்புரையில், பிரித்தானியப் பாட்டாளி வர்க்கத்தின் மிகப் பெரும் பகுதி பிரித்தானியாவில் அல்ல, ஆசியாவிலும் ஆபிரிக்காவிலுமே வாழ்கின்றது என்று அவர் அடித்துக் கூறினார். இக்கூற்றை ஏற்பின், யூனியன் கொடியின் கீழ் இலங்கை மலையகத்திற் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்ணும் அப்பாட்டாளி வர்க்கத்தைச் சேர்ந்தவளே. விகன் நகரச் சுரங்கத் தொழிலாளி காலையில் அருந்திய தேநீர் அவள் கையிலிருந்து சென்றிருக்கலாம். மோத்திகாரியிற் பிறந்து, பர்மாவிற் பொலிஸ் அதிகாரியாயிருந்து, சாம்ராச்சியத்தின் அழுக்கை அருகிருந்து கண்டவர் அவர். 1941 ஆம் ஆண்டு நூலிலும் இந்தியாவுக்கு, விரும்பின் பிரிந்து செல்லும் உரிமையோடு, டொமினியன் அந்தஸ்து வழங்க வேண்டும் என்று தமது ஆறு அம்சத் திட்டத்திற் சேர்த்தார். ஆயினும் அந்நூலின் உயிர்நாடியான பகுதிகளில், இங்கிலாந்தை ஒரு குடும்பமாக அவர் சித்திரிக்கும் இடங்களில், அந்தப் பெரும்பான்மைப் பாட்டாளிகள் வீட்டுக்கு வெளியேதான் நிற்கின்றனர். திட்டத்தில் இடம்பெற்றவர்கள் சித்திரத்தில் இடம்பெறவில்லை. போர்க்கால அவசரம் காரணம் என்று சமாதானம் கூறலாம். போரே புரட்சியாக மாறும் என்ற தமது எதிர்பார்ப்புப் பிழைத்ததைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். இக்குறையை அவர் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

2014 க்குப் பின் தொழிற் கட்சி கற்ற பாடம் யாது? கொடியை நோக்கி முகஞ்சுளிக்கலாகாது என்பது மட்டுமே. 2021 பெப்ரவரியில் கட்சியின் உள்ளறிக்கையொன்று வெளியே கசிந்தது. இழந்த வாக்காளரை மீட்பதற்குக் கொடியையும் போர்வீரர்மீதான மதிப்பையும் பயன்படுத்தலாம் என்ற ஆலோசனை அதிலிருந்தது. தலைவர் கியர் ஸ்ராமர் யூனியன் கொடியின் முன்னின்றே உரையாற்றலானார். இவ்வாலோசனையில் கொடி ஒரு தூண்டில், வாக்காளர் மீன். ஸ்ரூட்டில் இருந்த வியப்பாவது நேர்மையானது, இதில் அதுவுமில்லை. ஊதியம், வாடகை, மருத்துவமனையிற் காத்திருக்கும் காலம் ஆகியவை பற்றி அவ்வீட்டில் வாழ்பவர் என்ன எண்ணுகின்றார் என்று கேட்பதற்குப் பதிலாக, அவர் விரும்புவதாகக் கருதப்படும் துணியை அசைத்துக் காட்டுவது, அவரால் அதற்கு மேல் எதையும் விளங்கிக் கொள்ள முடியாது என்ற அதே பழைய எண்ணத்தின் மறுவடிவமேயாகும்.

2025 கோடையில் இங்கிலாந்தின் பல நகரங்களில், பேர்மிங்ஹாமில் தொடங்கி, வீதி விளக்குக் கம்பங்களிற் செஞ்சிலுவைக் கொடிகள் கட்டப்பட்டன. சிறிய சுற்றுவட்டங்களிலும் சிவப்புச் சிலுவைகள் தீட்டப்பட்டன. சில நகரசபைகள் பாதுகாப்பைக் காரணங் காட்டி அகற்ற, மறுநாள் மீண்டும் ஏறின. கட்டியவர்களுட் சிலர் பெருமிதம் என்றனர். புகலிடம் கோருவோர் தங்கிய விடுதிகளின் முன் அதே கொடிகளோடு கூச்சலிட்டோரும் இருந்தனர். செப்டம்பர் 13 ஆம் திகதி ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அக்கொடிகளோடு இலண்டன் வீதிகளை நிறைத்தனர். அம்மாதத் தொடக்கத்தில், பிரதமராகிவிட்ட ஸ்ராமர், தமது வாசஸ்தலத்திலும் ஒரு செஞ்சிலுவைக் கொடி உண்டென வானொலியிற் கூறினார். பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் அக்கொடியைக் கண்டு வியந்தமையால் ஒருவர் பதவியிழந்தார். அதே கட்சியின் தலைவர் இப்போது தம் வீட்டிலும் அது உண்டு என்று சாட்சி கூற வேண்டியிருந்தது. இடையில், கொடியை ஏந்தியோருள் பெருமிதம் கொண்டவர் யார், அச்சுறுத்த வந்தவர் யார் எனப் பிரித்துக் கேட்கும் சிரமத்தை அக்கட்சி மேற்கொண்டதாகத் தெரியவில்லை. அனைவரையும் ஒன்றாகப் பழித்த காலம் போய், அனைவரையும் ஒன்றாக மெச்சும் காலம் வந்துள்ளது.

றொச்செஸ்ரர்-ஸ்ரூட் தொகுதியின் பிற்கால வரலாற்றையும் இங்கு குறிப்பிடலாம். 2014 இல் 16,867 வாக்குகள் பெற்று வென்ற ரெக்லெஸ், ஆறு மாதங்களுக்குள் வந்த 2015 மே பொதுத் தேர்தலிற் கன்சவேட்டிவ் வேட்பாளரிடம் தோற்றார். தோர்ன்பெரி 2015 இல் முன்வரிசைக்கு மீண்டார். இடைத்தேர்தலில் 6,713 வாக்குகளோடு மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்ட தொழிற் கட்சி, 2024 ஜூலையில் அதே தொகுதியை வென்றது. வென்ற வேட்பாளர் அவுஸ்திரேலியாவிற் பிறந்தவர்.